வலிக்கிற காலைவிட வலிக்காத காலுக்கே ஆபத்து அதிகம்!

உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர், பல்லைப் பிடித்துப் பார்ப்பதோடு நிறுத்த மாட்டார். கயிற்றைப் பிடித்து நாலு தப்படி நடக்கவிட்டுப் பார்ப்பார். கால் நேராக விழுகிறதா, ஒரு பக்கம் சாய்ந்து விழுகிறதா, குளம்பு ஒருபுறமாகத் தேய்ந்திருக்கிறதா, லாடம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேசுவார். நடையில் கோளாறு இருந்தால் அந்த மாடு ஏருக்கும் வண்டிக்கும் ஆகாது என்பது அவருக்குத் தெரியும்.

மனிதர்களின் பாதத்துக்கும் இதே சோதனை உண்டு. எடை எந்த இடத்தில் இறங்குகிறது, கணுக்கால் எந்தப் பக்கம் சாய்கிறது, செருப்பு எங்கே தேய்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்ப செருப்புக்குள் ஓர் அட்டையோ, திண்டோ, வளைவோ வைத்துச் சரிசெய்கிறார்கள். மருத்துவர்கள் இந்தச் சோதனையை 'பயோமெக்கானிக்கல் பரிசோதனை' என்றும், உள்ளே வைக்கும் அட்டையை 'ஆர்த்தோட்டிக் இன்சோல்' என்றும் சொல்வார்கள். பெயர்தான் பெரிது. எடையைப் பரப்பி இறக்குவதுதான் இதன் அடிப்படை. சேற்று வயலில் டிராக்டருக்கு கேஜ் வீல் மாட்டுகிறோம் அல்லவா, அதே கணக்குதான்.

திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் குடும்பங்களுக்கு இது இன்று மிகவும் தேவைப்படுகிறது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை வட்டாரங்களில் ஒரே வீட்டில் நெல் வயலும் இருக்கும், சிப்காட் வேலையும் இருக்கும். இரவு ஷிப்ட்டில் ரோலிங் மில்லிலோ வார்ப்புப் பட்டறையிலோ கான்கிரீட் தரையில் எட்டு மணி நேரம் நின்றவர், காலையில் வந்து வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறார். இரும்பு முனை வைத்த ஷூவையும் வயல் சேற்றையும் ஒரே பாதம்தான் தாங்குகிறது. அவருக்கு வயது நாற்பதைத் தாண்டி, சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டால், பிரச்னை வேறு இடத்துக்குப் போய்விடும்.

சேறு செய்வதை கான்கிரீட் செய்யாது

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள் இருக்கின்றன. குதிகாலில் தொடங்கி விரல்களின் அடிவரை, வில்லின் நாண்போல ஒரு தடித்த சவ்வு இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. பாதத்தின் நடுவில் இருக்கும் வளைவைத் தாங்குவது இதுதான். காலை ஊன்றும்போது வளைவு சற்றுத் தாழ்ந்து அதிர்வை வாங்கிக்கொள்ளும். காலை எடுக்கும்போது நாண் இறுகி, பாதம் நெம்புகோல்போல விறைத்து உடலை முன்னே தள்ளும்.

சேற்றில் நிற்கும்போது பாதத்தின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் சேறு நிரப்பிவிடுகிறது. எடை முழுப் பாதத்திலும் பரவுகிறது. கான்கிரீட் அப்படி வளைந்து கொடுக்காது. குதிகாலும், விரல்களுக்கு அடியில் உள்ள முன்பாத மேடும் மட்டும்தான் தரையில் அழுத்தமாகப் படும். மொத்த எடையும் அந்தச் சிறிய இடங்களில்தான் இறங்கும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 45 கிலோ யூரியா மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தால், ஒரு காலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் மற்றொரு காலில் 105 கிலோ இறங்குகிறது. அதைத் தாங்கும் பரப்பு பாதியாகக் குறைந்தால், அழுத்தம் இரண்டு மடங்காகும். எடையைக் குறைக்க முடியாத இடத்தில், பரப்பைக் கூட்டுவதுதான் வழி. உள்ளட்டைகள் செய்வது இதைத்தான்.

காலையில் முதல் அடி வைக்கும்போது குத்துகிறதா?

நின்று வேலை செய்பவர்களிடம் அதிகம் காணப்படுவது குதிகால் வலி. தூங்கி எழுந்து முதல் அடி வைக்கும்போது, குதிகாலின் உட்புறத்தில் ஆணி குத்துவதுபோல இருக்கும். பத்து அடி நடந்தால் குறையும். மாலையில் திரும்ப வரும். மேலே சொன்ன நாண்போன்ற சவ்வு, குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்தில் திரும்பத் திரும்ப இழுபட்டு நைந்துபோவதால் வருவது இது. எக்ஸ்ரேயில் குதிகாலில் எலும்பு முளைத்திருப்பது தெரிந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முளை உண்டு. எலும்பை அறுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

இதற்கு முதல் மருந்து கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல், முன்னே சாய வேண்டும். 30 விநாடி அப்படியே நின்று, மூன்று முறை செய்யலாம். காலையில் படுக்கையை விட்டு எழும் முன்பே, கால் விரல்களைக் கையால் மேல்நோக்கி இழுத்துப் பாதத்தை நீட்டிக்கொள்வது நல்லது. இவற்றோடு குதிகாலுக்கு மெத்தென்ற திண்டும், வளைவைத் தாங்கும் உள்ளட்டையும் சேர்ந்தால், பெரும்பாலானவர்களுக்கு சில மாதங்களில் இருந்து ஓராண்டுக்குள் வலி அடங்கிவிடும்.

இதில் பணம் சம்பந்தப்பட்ட ஒரு செய்தி இருக்கிறது. சாதாரணக் குதிகால் வலியைப் பொறுத்தவரை, அளவெடுத்துச் செய்யும் விலை உயர்ந்த உள்ளட்டைக்கும், கடையில் கிடைக்கும் நல்ல ஆயத்த உள்ளட்டைக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதே இதுவரை நடந்த ஆய்வுகளின் போக்கு. ஆகவே எடுத்த எடுப்பிலேயே ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. சில நூறு ரூபாயில் கிடைப்பதை ஆறு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த முடிவுக்குப் போகலாம்.

வலிக்கிற பாதத்துக்கு ஒரு வசதி உண்டு. அது முணுமுணுத்துக்கொண்டே இருப்பதால், அதன் சொந்தக்காரர் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் மருத்துவரிடம் போய்விடுவார். வலிக்க வேண்டிய நேரத்தில் வலிக்காத பாதம்தான் ஆளை ஏமாற்றிவிடுகிறது. இதைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்ன இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

செங்கல்பட்டு, வேலூர், கரிகிரி

பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். அங்கு ஊழியம் செய்த ஆங்கிலேயத் தம்பதியின் மகன். இங்கிலாந்தில் கட்டட வேலை கற்றுக்கொண்டு, பிறகு மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் பொறுப்பில் இருந்தார். அவர் அழைத்துப்போய்க் காட்டிய நோயாளிகள்தான் பிராண்டின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டார்கள். திருவள்ளூரும் பொன்னேரியும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. தனி மாவட்டமானது 1997-ல்.

தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி, விரல்கள் உதிரும் என்றுதான் அப்போது மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் நோயாளிகளின் ஒவ்வொரு புண்ணையும் எப்போது, எதனால் வந்தது என்று விடாமல் விசாரித்தார்கள். கையில் வந்தவை சூடான பாத்திரத்தைத் தொட்டதாலும், மண்வெட்டிக் காம்பை அளவுக்கு மீறி இறுக்கியதாலும் வந்தவை. காலில் வந்தவை முள், ஆணி, இறுக்கமான செருப்பு ஆகியவற்றால் வந்தவை. எதுவுமே குத்தாத காலிலும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எடை விழுந்ததால் புண் வந்திருந்தது.

நோய் நரம்பைத்தான் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் வலி தெரியாது. வலி தெரியாதவர் நொண்ட மாட்டார். உணர்வுள்ள மனிதர் பாதத்தில் ஒரு கொப்புளம் வந்தாலே, தன்னை அறியாமல் காலை வேறு மாதிரி வைத்து அந்த இடத்துக்கு ஓய்வு கொடுத்துவிடுவார். உணர்வில்லாதவர் அதே கொப்புளத்தின் மேலேயே ஆயிரம் அடி நடப்பார். அந்தச் சதை ஆறக்கூடிய நல்ல சதைதான், ஆற நேரம் கிடைக்காததால்தான் அழுகியது என்று பிராண்ட் நிரூபித்தார்.

காரணம் தெரிந்ததும் வைத்தியமும் மாறியது. புண்ணுள்ள காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, எடையை முழுப் பாதத்துக்கும் பரப்பினால் புண் தானே ஆறியது. இந்த மாவுக்கட்டு முறையை இலங்கையில் மில்ராய் பால் என்ற அறுவை மருத்துவர் 1930-களிலேயே கையாண்டிருந்தார். ஆறிய புண் திரும்ப வராமல் இருக்கச் செருப்பு தேவைப்பட்டது. 1950-களில் வேலூரிலும், காட்பாடி அருகே 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும், நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பரை வைத்துச் செருப்பு செய்யும் முறை வளர்ந்தது. 'மைக்ரோ செல்லுலார் ரப்பர்' என்ற அதன் பெயர் சுருங்கி, இன்று செருப்புக் கடைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' ஆகிவிட்டது. மேலே பாதம் படும் இடத்தில் மெத்தென்ற எம்.சி.ஆர்., அடியில் முள் ஏறாத கடினமான ரப்பர், ஆணி அடிக்காமல் ஒட்டியும் தைத்தும் செய்த வார். இதுதான் அந்தச் செருப்பு.

1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணும் இதே வகைதான் என்று கண்டார். வேலூரில் கற்ற பாடத்தை அங்கே சர்க்கரை நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார். உலகம் முழுக்க இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைக் காக்கும் முறைகளில் பலவற்றின் வேர், நம் வட தமிழ்நாட்டில்தான் இருக்கிறது.

சர்க்கரையும் சேறும்

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. இது நகரத்து நோய் என்ற நிலை போய், வெகுகாலம் ஆகிவிட்டது. ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தால், முதலில் பாத நரம்புகள் கெடுகின்றன. எரிச்சல், மதமதப்பு, பஞ்சின் மேல் நடப்பதுபோன்ற உணர்வு, செருப்பு கழன்று போனதுகூடத் தெரியாமல் நடப்பது எல்லாம் அதன் அடையாளங்கள். சிலருக்கு எந்த அடையாளமும் இல்லாமலேயே உணர்வு போய்விடும்.

இதே நோயால் பாதத்தின் சிறு தசைகளும் பலவீனப்பட்டு, விரல்கள் நகம் போல மடங்கி, முன்பாத எலும்புகள் கீழே துருத்தும். அந்த இடத்தில் முதலில் காய்ப்பு வரும். காய்ப்பு என்பது செருப்புக்குள் கிடக்கும் சிறு கல்லைப் போன்றது. அது தடிக்கத் தடிக்க அடியில் உள்ள சதை நசுங்கி, உள்ளுக்குள் ரத்தம் கட்டும். பிறகு ஒருநாள் உடைந்து புண்ணாகும். சர்க்கரை நோயால் கால் எடுக்கப்படுபவர்களில் 100-க்குச் சுமார் 85 பேருக்கு, முதலில் வந்தது இப்படி ஒரு பாதப் புண்தான். புண்ணைத் தடுத்தால் காலைக் காப்பாற்றலாம்.

வயலில் ஆபத்து இன்னும் அதிகம். சீமைக்கருவேல முள், நத்தை ஓடு, உடைந்த கண்ணாடி எது குத்தினாலும் உணர்வில்லாத காலுக்குத் தெரியாது. குத்திய இடம் சேற்றிலேயே ஊறும். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் கிருமிக்கு அதுவே வாசல். எலிக்காய்ச்சல் கிருமியும் இப்படிப்பட்ட வெடிப்பு வழியாகத்தான் உள்ளே போகிறது. ஆலையிலோ, சூடான தரையும் தீப்பொறியும் இருக்கின்றன. ஷூவுக்குள் விழுந்த இரும்புத் துகளோடு ஷிப்ட் முழுவதும் நின்றவருக்கு, வீட்டில் சாக்ஸைக் கழற்றி ரத்தத்தைப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஐந்து சோதனைகள்

*தொடு சோதனை:* கண்ணை மூடிப் படுக்கச் சொல்லி, வீட்டில் ஒருவர் தன் ஆள்காட்டி விரலால் இரு பாதங்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, மெதுவாக, ஒன்றிரண்டு விநாடி தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. மொத்தம் ஆறு இடங்கள். இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருள். மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைக் கொண்டு இதை உறுதிசெய்வார்கள்.

*ஈரத்தடம்:* பாதத்தை நனைத்து, காய்ந்த சிமென்ட் தரையில் ஒரு தடம் பதித்துப் பாருங்கள். நடுவில் பாதியளவு அகலம் பதிந்தால் சாதாரண வளைவு. முழுவதும் பதிந்தால் தட்டைப் பாதம். நடுவில் தடமே இல்லாமல் குதிகாலும் முன்பாதமும் தனித்தனியாகப் பதிந்தால் வளைவு அதிகம். வளைவு அதிகமான பாதம் அதிர்வைக் குறைவாக வாங்கும். அதற்கு மெத்தென்ற உள்ளட்டை தேவை. தட்டைப் பாதத்தில் வலி இருந்தால், வளைவைத் தாங்கும் சற்றே கெட்டியான உள்ளட்டை உதவும். வலியே இல்லாத தட்டைப் பாதத்துக்கு எந்த வைத்தியமும் வேண்டாம்.

*நுனிக்கால்:* தட்டைப் பாதம் உள்ளவர் நுனிக்காலில் எழும்பும்போது வளைவு தோன்றினால், பாதம் இளக்கமாக இருக்கிறது, கவலை இல்லை. எழும்ப முடியாமல் ஒரு கால் மட்டும் தட்டையாகிக்கொண்டே வந்தால், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

*பழைய செருப்பு:* குதிகாலின் வெளி ஓரம் சற்றுத் தேய்ந்திருப்பது இயல்பு. உள் ஓரம் அதிகம் தேய்ந்திருந்தால் பாதம் உள்ளே சாய்கிறது. இரு செருப்பும் இரண்டு விதமாகத் தேய்ந்திருந்தால் கால் நீளத்திலோ, இடுப்பிலோ, முழங்காலிலோ வித்தியாசம் இருக்கலாம். மருத்துவமனைக்குப் போகும்போது புதுச் செருப்பில் போகாமல், தினமும் போடும் செருப்பையும் ஷூவையும் எடுத்துப் போனால் பாதி விவரம் அதிலேயே கிடைத்துவிடும்.

*தினசரிப் பார்வை:* வேலை முடிந்து காலைக் கழுவி, விரலிடுக்கு உட்படத் துடைத்தபின், ஒரு கண்ணாடியை வைத்து அடிப்பாதத்தைப் பாருங்கள். புறங்கையால் இரு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் மற்ற காலைவிடச் சூடாக இருந்தால், அங்கே சதை நசுங்கிக்கொண்டிருக்கிறது. புண் வருவதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கை அது.

எந்தப் பாதத்துக்கு எது?

குதிகால் வலிக்கு குதிகால் திண்டு. முன்பாதத்தில் எரிச்சலும் காய்ப்பும் இருந்தால், வலிக்கிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், பாதி எலுமிச்சை வடிவில் ஒரு சிறு திண்டு வைப்பார்கள். வலிக்கிற இடத்துக்கு நேர் அடியில் வைத்தால் அழுத்தம் கூடிவிடும். அதனால் இதைத் தானாக ஒட்டிக்கொள்ளாமல், தெரிந்தவரிடம் வைத்துக்கொள்வது நல்லது.

உணர்வு குறைந்து, பாதத்தின் வடிவம் மாறாதவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு போதும். வாங்கும்போது ரப்பரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்திப் பாருங்கள். நன்றாக அமுங்கி, விட்டதும் மீள வேண்டும். கல்போல இருந்தாலும், அமுங்கியது மீளாவிட்டாலும் பயனில்லை. பின்வார் கட்டாயம் இருக்க வேண்டும். விரலிடுக்கில் வார் போகும் ஹவாய் செருப்பு உணர்வில்லாத காலுக்கு ஆகாது. எம்.சி.ஆர். நாளடைவில் அமுங்கித் தட்டையாகிவிடும். அப்போது மாற்றிவிட வேண்டும்.

பாதத்தின் வடிவம் மாறியவர்கள், ஒருமுறை புண் வந்து ஆறியவர்கள், விரல் எடுக்கப்பட்டவர்கள் ஆகியோருக்குத்தான் அளவெடுத்துச் செய்யும் உள்ளட்டை கட்டாயம். மாவிலோ, நுரைப் பெட்டியிலோ பாதத்தை அச்செடுத்து, பல அடுக்காக வார்த்துச் செய்வார்கள். சிலருக்கு அடிப்பகுதி படகுபோல வளைந்த செருப்பு தரப்படும். அது முன்பாதத்தை மடக்காமலேயே உருட்டிவிடுவதால், அங்கே அழுத்தம் குறையும். புதிதாக வாங்கிய எதையும் முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, கழற்றிப் பாதத்தைப் பார்த்து, சிவப்பு இல்லை என்றால் நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

சேஃப்டி ஷூ போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு மெத்தென்ற செருப்பில் வேலை செய்ய முடியாது. செய்யவும் கூடாது. உள்ளே இருக்கும் பழைய அட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது உள்ளட்டையை வைக்கலாம். பழையதன் மேலேயே வைத்தால் இடம் போதாமல், இரும்பு முனை விரல்களை உரசும். ஷூவின் அளவை மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அளவு சரியில்லை என்றால் நிர்வாகத்திடம் மாற்றிக் கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஷூவைப் போடும்முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலைதான்.

எங்கே போவது?

முதலில் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளரிடம், சர்க்கரைப் பரிசோதனையோடு பாதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த நிலை, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. செயற்கை உறுப்பு, காலணி, தாங்கு கருவிகளுக்கு சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. சிப்காட் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால், அந்த மருந்தகம் வழியாகவே மேல் மருத்துவமனைக்குப் பரிந்துரை வாங்கலாம். சென்னை ராயபுரத்தில் 1954-ல் பேராசிரியர் எம். விசுவநாதன் தொடங்கிய எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனை, பாதப் பாதுகாப்புக்குப் பெயர் பெற்றது. திருவள்ளூரில் ரயில் ஏறினால் அரக்கோணம் வழியாகக் காட்பாடியில் இறங்கி, வேலூருக்கும் கரிகிரிக்கும் போகலாம். தொழுநோயால் உணர்வு இழந்தவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பை அரசே இலவசமாகத் தருகிறது.

தனியாரிடம் உள்ளட்டை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வேலைக்கென்று படித்த 'ஆர்த்தோட்டிஸ்ட்'கள் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருப்பார்கள். பதிவு எண்ணைக் கேட்கலாம். இயந்திரத்தில் ஏறி நிற்கவைத்து வண்ணப் படம் காட்டி, ஐந்து நிமிடத்தில் உள்ளட்டையை விற்பவர், காலைத் தொட்டுப் பார்த்தாரா, நடக்கவிட்டுப் பார்த்தாரா, உணர்வைச் சோதித்தாரா என்று யோசித்துப் பாருங்கள்.

வாசகர் கேள்விகள்

*நடவு நேரத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்க முடியாது. சர்க்கரை நோய் இருக்கும் என் அம்மா என்ன செய்வது?*
முதலில் தொடு சோதனை செய்யுங்கள். உணர்வு நன்றாக இருந்தால், வெடிப்போ புண்ணோ இல்லாத நாட்களில், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டு இறங்கலாம். உள்ளே பருத்திச் சாக்ஸ் வேண்டும். வெளியே வந்ததும் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்த வேண்டும். உணர்வு போயிருந்தால் சேற்று வேலையைத் தவிர்த்து, வரப்பு மேல் செய்யும் வேலைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

*அப்பாவுக்குக் காலில் ஆணி. பிளேடால் தானே சீவிக்கொள்கிறார். கடையில் விற்கும் ஆணிக்கால் பிளாஸ்டரும் ஒட்டுகிறார். சரியா?*
இரண்டும் கூடாது. அந்த பிளாஸ்டரில் தோலைக் கரைக்கும் அமிலம் இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு அது நல்ல சதையையும் அரித்துவிடும். காய்ப்பைச் சீவுவதை மருத்துவமனையில் செய்துகொள்ளட்டும். சீவிய பிறகும் அழுத்தம் அதே இடத்தில் விழுந்தால் காய்ப்பு திரும்ப வரும். செருப்பை மாற்றினால்தான் தீரும்.

*குதிகால் பித்தவெடிப்புக்கு என்ன தடவலாம்?*
குளித்தபின் ஈரம் காய்வதற்குள் வாசலினோ தேங்காய் எண்ணெயோ குதிகாலில் தடவலாம். விரலிடுக்கில் தடவக் கூடாது, அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். வெந்நீரில் காலை வைப்பதானால், சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். உணர்வு குறைந்தவர்கள் வெந்நீரைத் தவிர்ப்பதே நல்லது.

*மகனுக்கு நான்கு வயது. பாதம் தட்டையாக இருக்கிறது. உள்ளட்டை வைத்த ஷூ வாங்கச் சொல்கிறார்கள்.*
சிறு பிள்ளைகளுக்குப் பாதம் தட்டையாகத்தான் இருக்கும். ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலும் வளைவு தானாக வந்துவிடும். வலி இல்லாமல் ஓடி ஆடுகிறான் என்றால் எதுவும் வேண்டாம்.

*சர்க்கரை நோய் உள்ள மாமாவுக்குப் பாதம் திடீரென வீங்கி, சிவந்து, சூடாக இருக்கிறது. புண் இல்லை, வலியும் அதிகம் இல்லை. சுளுக்கு என்று எண்ணெய் நீவலாமா?*
நீவ வேண்டாம், நடக்கவும் வேண்டாம். உணர்வு இழந்த பாதத்தில் எலும்புகள் உடைந்து நொறுங்கத் தொடங்கும்போது இப்படித்தான் இருக்கும். உள்ளே சீழ் பிடித்திருந்தாலும் இப்படி இருக்கும். காலை ஊன்றாமல், அன்றைய தினமே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். உடனே மாவுக்கட்டுப் போட்டு எடையை எடுத்துவிட்டால் பாதத்தின் வடிவத்தைக் காப்பாற்றலாம். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் முடியாமல் போகலாம்.